அளவுகோலையும் அளந்த அறிஞர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – இயற்பியல், வளப்பூர் நாடு, கொல்லிமலை)

அளவு இல்லையேல் அறிவியல் இல்லை. படியால் சாமையை அளக்கிறோம். தராசால் மிளகை நிறுக்கிறோம். ஆனால் அளக்கும் படியே உள்ளொடுங்கி இருந்தால் என் செய்வது? தராசே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் யாரிடம் முறையிடுவது? இக்கேள்வி மலையில் வாழும் எங்களுக்குப் புதியதன்று. வீட்டில் நிறுத்துக் கட்டிய மிளகு மூட்டை, மலையிறங்கிச் சென்றதும் எடை குறைந்து போவதை என் தாயார் பலமுறை கண்டவர். ஆகையால் எந்த எண்ணையும் அவர் எளிதில் நம்பிவிடமாட்டார். அப்படிப்பட்டவரையே ஓர் எண் பத்து நாட்கள் பட்டினி போட்டது. அந்த எண்ணின் உண்மையைத் தேடிப் புறப்பட்ட நான், வழியில் ஒரு பெரியாரைச் சந்தித்தேன். அவர்தாம் வங்கம் தந்த விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். அவர்தம் வரலாற்றை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இங்கு கூற விழைகிறேன்.

இரு கருவிகள், இரு விடைகள்

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் உடல்நல முகாம் ஒன்று நடந்தது. தட்டு போன்ற ஒரு கருவியின்மேல் வெறுங்காலுடன் ஏறி நிற்கச் சொன்னார்கள். உடற்கொழுப்பு நூற்றுக்கு 27 பங்கு என்று என் தாயாருக்குக் காட்டியது. சில வாரங்கள் கழித்து வேறொரு முகாம். அங்கே இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் கருவி. அது 34 என்றது. கொழுப்பு கூடிவிட்டது, உணவைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். விடியுமுன் எழுந்து காட்டுக்குச் சென்று, பொழுது சாயும் வரை உழைப்பவர் என் தாயார். அவர் அன்று முதல் இரவுக் களியை நிறுத்திவிட்டார். விடுமுறையில் நான் ஊர் சென்றபோது கண் குழிந்து, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்க நின்றார். படித்த பிள்ளை என்ற உரிமையில் என்னிடம் ஒன்றே கேட்டார்: இரண்டு பெட்டிகளில் எது உண்மை சொல்கிறது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தலை குனிந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து இறங்கி வருகையில் அக்கேள்வி என்னுடனேயே இறங்கி வந்தது. உயிருள்ள உடலில் மின்சாரத்தை அளப்பது பற்றி நூலகத்தில் தேடியபோதுதான் போஸ் அவர்களின் வரலாறு என் கைக்கு வந்தது.

மீனவச் சிறுவனின் தோழர்

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசமாக விளங்கும் கிழக்கு வங்கத்தில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அக்காலத்தில் அதிகாரிகளின் மக்கள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே பெருமை எனக் கருதப்பட்டது. பகவான் சந்திரரோ தாய்மொழியில் தொடங்காத கல்வி வேரற்றது என எண்ணினார்; மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் தந்தையின் பணியாளருடைய மகன். மறு பக்கம் மீனவர் ஒருவரின் மகன். அவர்கள் சொன்ன நீர்வாழ் உயிர்களின் கதைகளும் பறவைகளின் கதைகளும் தம் உள்ளத்தில் இயற்கை ஆர்வத்தை விதைத்தன என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஒரு விஞ்ஞானி பாடம் கேட்டார் என்பதை அறிந்தபோது, மலைப்பள்ளியில் தரையில் அமர்ந்து படித்த என் நெஞ்சம் நிமிர்ந்தது.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றார். அங்கே லஃபோன் பாதிரியார் செய்து காட்டிய சோதனைகள் அவரை இயற்பியலின்பால் ஈர்த்தன. 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். உடன் வந்த காய்ச்சல் அவரை விடவில்லை. மருத்துவத்தைத் துறந்து கேம்பிரிட்ஜ் சென்று அறிவியல் பயின்றார். நோயால் ஒரு வழி அடைபட, உலகுக்கு வேறொரு வழி திறந்தது எனலாம். ஒளியியலிலும் ஒலியியலிலும் புகழ் பெற்ற ரேலே பிரபு அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர்.

மூன்றாண்டு மௌனம்

1885இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே அவரை எதிர்கொண்டதும் ஓர் அளவுகோலே! ஒரே பணிக்கு ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம். இந்தியருக்கு அதில் மூன்றில் இரு பங்கு. பதவி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அறிவை நிறம் பார்த்து நிறுத்த அத்தராசை அவர் ஏற்கவில்லை. பணியையும் விடவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே, ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். தந்தையாரின் கடன் சுமையும் அந்நாளில் அவர் தோளில் இருந்தது. 1887இல் அவர் மணந்த அபலா அம்மையார், நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர். கணவரின் உறுதிக்கு அவரும் துணை நின்றார். இறுதியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது.

ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறை. உதவிக்கு ஒரு தகரவேலைத் தொழிலாளி. இவற்றைக் கொண்டே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அலைநீளமுடைய மின்காந்த அலைகளை அவர் உண்டாக்கினார். 1895இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில், இடையே நின்ற சுவர்களைத் தாண்டிச் சென்ற அவ்வலைகளால் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது.

களைத்துப் போன கருவி

அலைகளை உணரும் கருவியைக் கையாண்டபோது விந்தையொன்றைப் போஸ் கண்டார். தொடர்ந்து வேலை வாங்கினால் கருவியின் உணர்திறன் குறைந்தது. சிறிது நேரம் ஓய்வளித்தால் மீண்டது. உழைத்த தசை களைப்பதும் ஓய்ந்த தசை தெளிவதும் போலவே இஃதும் இருந்தது. வேறொருவராயின் கருவி பழுது என்று ஒதுக்கியிருப்பார். அவரோ கருவியின் பிழையையே ஆராயத்தக்க பொருளாக்கினார். உலோகம், செடி, தசை ஆகிய மூன்றையும் ஒரே முறையில் தூண்டி, அவற்றில் எழும் மின்மாற்றங்களை வரைகோடுகளாகப் பதிவு செய்து ஒப்பிட்டார்.

1901 ஜூன் மாதம் இலண்டன் இராயல் கழகத்தில் இம்முடிவுகளை விளக்கினார். அந்நாளில் உடலியலில் பேரறிஞரான பர்டன் சாண்டர்சன் எதிர்ப்புத் தெரிவித்தார். சாதாரணச் செடிகளில் அத்தகைய மின்துலங்கல் இருக்க இயலாது என்பது அவர் கருத்து. கட்டுரைத் தலைப்பை மாற்றும்படியும் கூறினார். சோதனையில் குறை காட்டினால் திருத்தலாம். பெரியவர் சொன்னார் என்பதற்காகத் திருத்துவது எங்ஙனம்? போஸ் உடன்படவில்லை. கட்டுரை அச்சேறாமல் கழகத்தின் ஆவணக் கிடங்கில் உறங்கியது. அவர் சோர்ந்தாரில்லை. 1902இல் தம் முடிவுகளை நூலாகவே வெளியிட்டார்.

1907இல் வெளிவந்த ஒப்பீட்டு மின்உடலியல் நூலில் இன்னொரு படி மேலே சென்றார். தூண்டப்பட்ட உயிர்த்திசுவின் மின்னழுத்தத்தோடு அதன் மின்தடையும் மாறுகிறது என்பதை ஆராய்ந்தார். உடலின் மின்தடையைக் கொண்டு உடலின் நிலையை அறிவது என்னும் இன்றைய கலைக்கு இது நெருங்கிய உறவன்றோ!

கோடிக்கு நெருங்கிய உருப்பெருக்கம்

நாங்கள் சிறுவயதில் தொட்டு விளையாடிய தொட்டாற்சுருங்கியும், மூலிகையாளர் தொழுகண்ணி என அழைக்கும் செடியும் அவருடைய ஆய்வுக்கூடத்தின் நாயகர்கள். தொட்டதற்கும் இலை சுருங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பதியும் கருவியை அவர் அமைத்தார். எழுதுமுனை தகட்டில் உராய்ந்தால் அளவு கெடும். ஆகவே புகையூட்டிய கண்ணாடித் தகட்டை முனை விட்டுவிட்டுத் தொடும்படி செய்தார். கோட்டுக்குப் பதில் புள்ளிகள் விழுந்தன. உராய்வும் நீங்கியது, இரு புள்ளிகளின் இடைவெளியே கடிகாரமும் ஆயிற்று. எத்தகைய நுட்பம்!

செடி ஒரு நொடியில் வளரும் நீளம் சராசரியாக அங்குலத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு என அவர் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியாத இவ்வளர்ச்சியைக் காட்டுவதே கிரெஸ்கோகிராஃப் என்னும் வளர்ச்சிமானி. இரு நெம்புகோல்களை இணைத்து 10,000 மடங்கு பெருக்கிக் காட்டினார். பின்னர் நெம்புகோலை ஒரு நுண்காந்தத்தோடு உறவாடச் செய்து, 10 லட்சம் முதல் ஒரு கோடி மடங்கு வரை பெருக்கினார். 1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், தம் பிறந்த நாளான 1917 நவம்பர் 30இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார்.

அறைகூவலும் அக்கினிப் பரீட்சையும்

இவ்வளவு பெருக்கிக் காட்டினால் பொய்யும் அவ்வளவு பெருகுமே! காற்று அசைந்தாலும் சூடு மாறினாலும் அதுவும் வளர்ச்சியாகத் தோன்றுமே! இந்த ஐயத்தை 1920இல் இலண்டனில் வெளிப்படையாக எழுப்பியவர் அகஸ்டஸ் வாலர். அவர் சாதாரண மனிதரல்லர். 1887இல், இதயத் துடிப்பால் மனித உடலின் மேற்பரப்பில் எழும் மின்மாற்றத்தை, உடலைத் திறக்காமலே முதன்முதலில் பதிவு செய்தவர் அவரே. அவர் கையாண்ட பாதரச மின்னளவி மெதுவாகவே நகரும். அது வரைந்த கோட்டை ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர் கணிதத்தால் திருத்தினார். பின்னர் அதனினும் விரைந்த இழைக் கால்வனோமீட்டரை அமைத்தார். 1924இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே கருவி பொய் சொல்லக்கூடும் என்பதை வாலர் நன்கு உணர்ந்தவர். தகுதி வாய்ந்த ஆய்வுக்கூடத்தில் பிறர் கண்முன் சோதித்துக் காட்டுமாறு போஸுக்கு அறைகூவல் விடுத்தார்.

போஸ் சினந்து ஒதுங்கவில்லை. 1920 ஏப்ரல் 23ஆம் நாள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிஞர் குழுவின் முன் தம் கருவியை வைத்தார். அவருடைய முன்னாள் ஆசிரியரின் மகனான ரேலே பிரபு, உடலியலறிஞர் பேலிஸ், தாவரவியலறிஞர் பிளாக்மன் முதலியோர் கண்டு ஆய்ந்தனர். திசுவின் வளர்ச்சியைக் கருவி சரியாகவே பதிகிறது என்றும், அதன் உருப்பெருக்கம் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை என்பது மெய்யே என்றும் அவர்கள் கையொப்பமிட்ட மடல் மே 4ஆம் நாள் டைம்ஸ் நாளேட்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கட்டுரையைக் கிடங்கில் இட்ட கழகம் அன்றோ அது!

என்னைப் பெரிதும் கவர்ந்தது அந்தப் பாராட்டைக் காட்டிலும், அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட சோதனைதான். வளரும் செடியைப் பொருத்துமுன், அவ்விடத்தில் ஓர் உலர்ந்த குச்சியைப் பொருத்திப் பார்ப்பார். குச்சி வளராது. ஆகவே கோடு சமமாகச் செல்ல வேண்டும். சமமாகச் சென்றால்தான் கருவியில் வேறு குழப்பம் இல்லை என்று பொருள். அதன் பிறகே செடிக்கு இடம். விடை தெரிந்த பொருளை முதலில் அளந்து பார்; பிறகு விடை தெரியாததை அள. இதுவே அவர் வாழ்க்கை எனக்குக் கற்பித்த பாடம்.

என் தாயாரின் கேள்விக்கு விடை

இப்பாடத்தோடு எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் விளக்கியது இது. உடல்நல முகாமின் கருவி கொழுப்பை நேரே அளப்பதில்லை. பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தை உடலில் செலுத்தி, உடல் காட்டும் மின்எதிர்ப்பை அளக்கிறது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். கொழுப்பு அரிதாகவே கடத்தும். உயிரணுக்களின் மெல்லிய சவ்வுகள் மின்தேக்கிகள் போல் நடந்துகொள்ளும். 1962இல் பிரெஞ்சு மருத்துவர் தொமாசே இவ்வழியில் உடல்நீரை மதிப்பிட முயன்றார். உயரத்தின் வர்க்கத்தை மின்எதிர்ப்பால் வகுத்தால் அது உடல்நீரின் அளவோடு ஒத்துச் செல்கிறது என்று 1969இல் ஹாஃபரும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். அதிலிருந்துதான் கொழுப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறார்கள்.

முழு உடலை அளக்கக் கை முதல் கால் வரை மின்னோட்டம் செல்ல வேண்டும். தட்டுக்கருவியில் அது காலுக்குக் கால் செல்கிறது. கைப்பிடிக் கருவியில் கைக்குக் கை. மெலிந்த கைகால்களே மின்எதிர்ப்பில் பெரும்பங்கு தருவன. எடையில் பாதியளவு உள்ள நடுவுடலின் பங்கோ ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். நீர் அருந்தியதும், வியர்த்ததும், காய்ப்பேறிய பாதமும் அளவை மாற்றக்கூடும். இவற்றுக்கு மேல், மின்எதிர்ப்பைக் கொழுப்பாக மாற்றும் சூத்திரம் எந்த மக்களை அளந்து அமைக்கப்பட்டதோ அவர்களுக்கே நன்கு பொருந்தும்.

அப்படியானால் இரு கருவிகளை ஒப்பிடுவது எப்படி? முதலில் உலர்ந்த குச்சியின் சோதனை. முழு உடலின் மின்எதிர்ப்பு சுமார் 500 ஓம். ஆகவே 500 ஓம் மதிப்புடைய செம்மையான மின்தடையை இணைத்து, கருவி 500 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஒருவரையே பலமுறை அளந்து, எண் மாறாமல் வருகிறதா என்று காண வேண்டும். மூன்றாவதாக, கன ஹைட்ரஜன் கலந்த நீரைப் பருகச் செய்து உடல்நீரை அறிவது போன்ற தேர்ந்த முறையோடு ஒப்பிட வேண்டும். இரு கருவிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் மட்டும் போதாது. எப்போதும் அரைக் கிலோ குறைத்துக் காட்டும் தராசும் நல்ல தராசோடு ஒன்றாகத்தான் ஏறி இறங்கும்! இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே கணக்கிட வேண்டும் என்று 1986இல் பிளாண்டு, ஆல்ட்மன் என்னும் புள்ளியியலறிஞர் இருவர் தெளிவுறுத்தினர்.

அடுத்த முறை கைப்பிடிக் கருவி எங்கள் ஊருக்கு வந்தபோது, என் தாயாரை மூன்று முறை அளக்க வேண்டினேன். 34, 34, 33 என்று காட்டியது. தனக்குத்தானே முரண்படாத கருவிதான். ஆனால் மூன்று முறை ஒன்றையே சொல்வதால் மட்டும் ஒரு சொல் உண்மையாகிவிடுமா? அங்கிருந்த செவிலியர் அக்கா, என் தாயாரின் எடை ஓராண்டாக மாறவில்லை என்பதை அட்டையில் பார்த்துச் சொன்னார். இந்த ஓர் எண்ணுக்காக உணவைக் குறைக்க வேண்டாம் என்றார். இரண்டு பெட்டிகளும் மின்சாரத்தைத்தான் அளந்தன, உன் உடம்பைக் கணக்காகச் சொல்லிவிட்டன, அக்கணக்கு உன்னைப் போன்றோரைப் பார்த்துப் போட்டதா என்பது தெரியாது என்று நான் என் தாயாருக்கு விளக்கினேன். சந்தைத் தராசு போலத்தானா என்று கேட்டுச் சிரித்தார். அன்றிரவு அவர் களி உண்டார். நான் பெற்ற கல்விக்கு அதுவே முதல் பரிசு.

முடிவுரை

1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் போஸ் இவ்வுலகை நீத்தார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. செடியில் நீர் மேலேறுவதற்கு அவர் கூறிய துடிக்கும் செல் கொள்கை இன்று ஏற்கப்படுவதில்லை. செடிகளில் மின்செய்திகள் ஓடுகின்றன என்ற உண்மையோ இன்று பாடநூலில் இடம் பெற்றுவிட்டது. அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைப் போற்றி, உலக மின்பொறியாளர் கழகம் 2012இல் அவர் பணியாற்றிய கல்லூரியில் நினைவுப் பலகை வைத்தது. அளவு சரியானால் பெருமை. கருத்து தவறானால் திருத்தம். அறிவியலில் இதற்கு மேல் நீதியில்லை.

எனவே தோழர்களே, செய்முறை வகுப்பில் மீட்டர் சமனச்சுற்றின் அளவு பக்கத்து மேசையின் அளவோடு ஒத்துப் போகவில்லையே என்று அஞ்சி எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். இணைப்பின் முனைகளைத் துடையுங்கள். தெரிந்த தடையை வைத்துப் பாருங்கள். மீண்டும் அளந்து, வந்ததை எழுதுங்கள். நாம் எழுதும் எண்ணை நம்பி எங்கோ ஒரு தாய் தன் இரவு உணவை உண்ணவோ விடவோ கூடும். அளவில் நேர்மை காப்போம்! போஸின் புகழ் ஓங்குக!